அக்காவுக்கு இளைப்பு

காதல் தோல்வியைப் பற்றிப் பேச வந்தவன் ‘என் இதயத்தில் ஓட்டை’ என்று ஆரம்பித்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எழுந்து போய்விடுவேன். எங்கள் தெருவில் அந்த வரிக்கு முதலில் கைதட்டல் வாங்கியவன் நான்தான்.

என் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. வேலூர் டாக்டர் சொன்ன அன்றைக்கே, அந்த வார்த்தை வீட்டைத் தாண்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். யார் கேட்டாலும் இளைப்பு என்று சொல்ல வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே.

எழுபதுகளின் கடைசியில் நான் கல்லூரியில் படித்தேன். பொங்கலுக்குத் தெருவில் கவியரங்கம். எவளோ என்னைத் திரும்பிப் பார்க்காத சோகத்தை மைக்கில் கொட்டினேன். ‘என் இதயத்தில் ஓட்டை, அது நீ போன வழி.’ விசில் பறந்தது. சால்வை போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்.

“நான் வாயத் தொறந்து சொல்லக் கூடாதத நீ மைக்குல சொல்லிட்டு வர்றியேடா?”

“அது கவிதைக்கா” என்று சிரித்துத் தொலைத்தேன்.

அடுத்த வருடம் அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கெட்டிக்காரி. “செவ்வாக்கெழம காலையில எல்லாரும் ஒண்ணா மலை சுத்திட்டு வந்து தட்டு மாத்திக்கலாங்க” என்றாள். பெண்ணின் உடம்பைச் சோதிக்க எங்கள் ஊரில் இப்படியும் ஒரு வழி. சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் மறுப்பார்கள்? பதினான்கு கிலோமீட்டர். டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாது என்றிருந்தார். எங்கள் அம்மா தலையாட்டினாள்.

துணைக்கு நான் போனேன். அடி அண்ணாமலை வருவதற்குள் அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. புளியமரத்தடியில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினாள். அந்த அம்மாள் என்னைத்தான் பார்த்தாள்.

“உங்க அக்காவுக்கு என்னாப்பா?”

தெருவே கேட்கத் தொண்டை கிழியச் சொன்ன வார்த்தை அப்போது வரவில்லை.

“கொஞ்சம் இளைப்புங்க, இப்ப சரியாய்டும்” என்றேன். “எழுந்திருக்கா, இன்னும் பாதிதான்.”

அக்கா என்னைப் பார்த்தாள். இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, வார்த்தைக்கு ஒரு மூச்சாகச் சொன்னாள்.

“இளைப்பு இல்லீங்க. எனக்கு இதயத்துல ஓட்ட. என்னால நடக்க முடியாது.”

அவர்கள் எங்களை அங்கேயே விட்டுவிட்டு மிச்ச மலையைச் சுற்றிப் புண்ணியம் சேர்க்கப் போனார்கள். தூக்கிவிடலாம் என்று நான் குனிந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.