ஒயில் சுரக்கும் எஞ்சின்

போர்க்காலத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வராத அந்த ஆண்டுகளில் எங்கள் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு உதைப்போம். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். அப்பாவும் அப்படித்தான் ஒவ்வொரு விடியலிலும் முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு இரணைமடுப் பக்கத்து வயல் கிராமங்களுக்கு விற்கப் போவார். வலையும் வள்ளமும் முன்பே போய்விட்டன. அந்த மோட்டார் சைக்கிளை விட்டால் வீட்டில் வேறு உழைப்பு இல்லை.

ஒரு நாள் ஒயில் பார்க்கும் கம்பியைத் தூக்கிக் காட்டினார்.

"பார் தம்பி, போன கிழமையை விடக் கூடியிருக்கு. ஊரிலை எல்லாற்றை சைக்கிளும் ஒயில் குடிக்குது. என்ரை எஞ்சினிலை சுரக்குது!"

"அப்ப ஒரு வாளியைக் கீழை வையுங்கோ, கறக்கலாம்" என்று அடுப்படியில் இருந்து அம்மா சொன்னா.

நான் கம்பியை வாங்கி விரலால் தொட்டேன். தண்ணீர் போல ஓடியது. மணந்தேன். மண்ணெண்ணெய்தான். எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் ஓரத்தால் கசிந்து, கீழே இருந்த ஒயிலைக் கரைத்துக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தர வகுப்பு வரை போன முதல் ஆள் நான். பௌதிகத்தில் பாகுநிலை என்று, ஒரு திரவம் எவ்வளவு தடிப்பாக ஓடும் என்பதைப் படித்தது கண்முன்னால் நின்றது. இவ்வளவு நீர்த்த ஒயில், உராயும் இரும்புகளுக்கு நடுவே நிற்காது. எஞ்சின் இறுகினால் மாற்றப் பிஸ்டன் கிடையாது.

"அப்பா, கூடினது ஒயில் இல்லை. மண்ணெண்ணெய்."

அவர் கம்பியை வாங்கித் துடைத்தார். பிறகு, "தண்ணியாப் போச்செண்டால் கட்டியா விடுவம். உழவு மெசின்காரரிட்டை நூற்றிநாற்பதாம் நம்பர் ஒயில் கிடக்கு. பாணி மாதிரித் தடிப்பா இருக்கும்" என்றார்.

மண்ணெண்ணெய்ச் சைக்கிள்காரர் பலர் அதைத்தான் செய்தார்கள். நான் அந்த ஒயிலிலும் கடையில் விற்கும் நாற்பதாம் நம்பர் ஒயிலிலும் ஒவ்வொரு சொட்டு வாங்கி வந்து, விடியற்காலைக் குளிரில் சரித்து வைத்த தகரத்தில் விட்டேன். நாற்பது வழிந்து நிலத்தைத் தொட்டது. நூற்றிநாற்பது பாதியிலேயே குந்திக்கொண்டிருந்தது.

"நீங்கள் உதைக்கிற நேரம் இது எஞ்சினுக்கு மேலை ஏறுமோ? ஏற முந்திப் பிஸ்டன் தேய்ஞ்சிடும். முந்தி முப்பதாம் நம்பர் விட்டனாங்கள், இப்ப ஒரு படி தடிப்பான நாற்பது காணும். பழசை முழுக்க இறக்கவேணும். குளிரிலை மண்ணெண்ணெய் முழுக்க எரியாது, எஞ்சின் நல்லாச் சூடேறின பிறகுதான் மாத்தவேணும்" என்றேன்.

"அது சூடேறுமட்டும் பெற்றோலிலை ஓடவோ? பெற்றோலென்ன, கிணத்திலையே அள்ளுறன்?"

"பிஸ்டனை எங்கை அள்ளுவியள்?" என்று அம்மா கேட்டா.

அப்பா நட்டுக் கழற்றும் சாவியை எடுத்துக்கொண்டு சைக்கிளுக்குக் கீழே குனிந்தார். கறுத்த தண்ணீராக எல்லாம் இறங்கியது. நாற்பதை ஊற்றினோம். மீன் ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டபோது எஞ்சின் சத்தம் அடங்கி ஒலித்தது. எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறும் முகப்பில் நின்றேன், சத்தம் தேயும்வரை.

மத்தியானம் வெறும் பெட்டியோடு திரும்பி வந்தார். எஞ்சின் ஆறியதும் கம்பியை இழுத்து, மீன் வாங்கும்போது செவுளைப் பிளந்து மணப்பது போல மூக்குக்குக் கிட்டே பிடித்தார்.

"இன்னும் பழுதாகேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பியை மணக்காமல் அவர் ஒரு நாளும் பெட்டி கட்டியதில்லை.