குலவை போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் நிறையச் சொன்னார். கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். பல் இருந்த குழியை உறைந்த ரத்தம் மூடி நிற்குமாம்; அது கழன்றுவிடக் கூடாதாம். குலவையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவர் மராத்திக்காரர், பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் தாராவியில் எங்கள் சந்தில் ஒரு பெண்ணுக்குச் சடங்கு (பூப்பு நீராட்டு). நாங்களெல்லாம் திருநெல்வேலிப் பக்கம். எந்த நல்ல காரியத்திலும் குலவை வேண்டும், எங்கள் சந்தில் முதல் குலவை என்னுடையது. நாக்கைச் சுழற்றி மூன்று முறை போட்டேன். வாயெல்லாம் ரத்தம்.

இரண்டு நாளில் கன்னம் வீங்கியது. அடுத்த வீட்டிலிருக்கும் என் அண்ணன் மனைவி, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்க வந்துவிட்டாள்.

"வேண்டாம் மதினி, எரியுது."

"சூடு பட்டாத்தான் வீக்கம் வத்தும். பொங்கலுக்குக் குலவை போடணுமா வேண்டாமா? பேசாம இரிட்டி."

வீக்கம் வற்றவில்லை, தாடைக்குக் கீழே இறங்கியது. கரண்டி நுழையவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் "பல்லுதான" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாய் திறந்திருந்தால் நாலு பேரைக் கடித்திருப்பேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி ஆனால் ஒத்தடத்துக்குக் காத்திருக்காதீர்கள், உடனே ஓடுங்கள்.

டாக்டர் பார்த்துவிட்டு ஆப்ஸஸ் (சீழ்க்கட்டு) என்றார். வாய் பூட்டிக்கொண்டதற்கு ட்ரிஸ்மஸ் (தாடைத் தசை இறுகிப்போவது) என்று பெயராம். "இன்னும் இறங்கியிருந்தால் மூச்சே அடைத்திருக்கும். அப்படி என்ன செய்தீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "குலவைய இந்தில எப்படிட்டி சொல்ல?"

நான் எங்கே சொல்ல? கடைசியில் அவரே நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுக் காட்டினார். ஆம்பளைக் குலவை, கேட்கவே சகிக்கவில்லை. வெளியே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சிரிக்கவும் முடியாமல், அவரை அடிக்கவும் முடியாமல் நாற்காலியில் கிடந்தேன்.

கீறிச் சீழ் எடுத்தார்கள். ஊசி, மாத்திரை, பிறகு ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்கி வாயைத் திறக்கும் பயிற்சி. மூன்று விரல் நுழைந்தால் குணமாம். பொங்கலன்று எனக்கு இரண்டுதான் நுழைந்தது.

தெருவில் வரிசையாக அடுப்புகள். எங்கள் பானையில் பால் ஏறியது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். திறந்தேன், தாடை பாதியில் பிடித்துக்கொண்டது. மதினி ஒப்புக்கு ஏதோ குலவையிட்டாள். பால் வழிந்து, நுரை அடங்கி, அரிசியும் போட்டாயிற்று.

அப்புறம்தான் தாடை விட்டது. பொங்கி அடங்கிய பானைக்கு நான் தனியாகக் குலவை போட்டேன். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது மூன்று விரலும் நுழைகிறது. ஆனாலும் ஒரு கொட்டாவி வந்தால்கூட, முதலில் என் கை கன்னத்துக்குப் போய்விடுகிறது.