வம்ச வரலாறு வாசித்தவள்

அமெரிக்காவில், பிளானோ ஊர்ப் பள்ளிக்கூட ஹாலில் கூடும் எங்கள் தமிழ்ச் சபையில் கிறிஸ்துமஸ் வேத வாசிப்புகளைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. 2004இல், விவாகரத்தாகிப் புதிதாக வந்திருந்த ஷீலாவும் ஒரு பகுதி கேட்டாள். அவள் பாவம் கழுவப்பட வேண்டும் என்று தினமும் ஜெபித்தவள் நான். தேவதூதன் வரும் பகுதியைக் கொடுக்க மனம் வரவில்லை. யாரும் காதில் வாங்காத பெயர்ப் பட்டியலான இயேசுவின் வம்ச வரலாற்றைக் கொடுத்தேன்.

நிதானமாக வாசித்தாள். தாமார், ராகாப், உரியாவின் மனைவி என்று ஊர் வாயில் விழுந்த பெண்கள் வந்த இடங்களில் அவள் குரல் தழுதழுத்தது.

முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குன்னே தேடிக் குடுத்திருக்கீங்க ஆன்ட்டி. தேங்க்ஸ்."

இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை. மனசில் குற்றத்தை வைத்துக்கொண்டு போகக் கூடாத திருவிருந்துக்கு அவள் எழுந்து போனாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.