பேசிக்கொண்டே ஓடும் வேகம்

ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எங்கள் இருவரின் பெயரையும் கேட்காமலே பதிவு செய்துவிட்டவள், கூச்சிங்கில் படிக்கும் எங்கள் மகள். அவள் போனபின் பினாங்குத் தீவில், எங்கள் கெலுகோர் அடுக்குமாடி வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போயிருந்தது. முன்னறையில் உட்கார்ந்தபடி இவர் மகளுக்குச் செய்தி அனுப்புவார். சமையலறையில் நிற்கும் எனக்கு அது கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும்: "மா, அப்பாவுக்குத் தேத்தண்ணி வேணுமாம் லா."

அந்த நேரத்தில்தான் தொழிற்சாலையில் என்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் சிம்பாங் அம்பாட் கிளைக்கு வரச்சொன்னார்கள். பதவி உயர்வு, தங்குவதற்கு அறை. ஓட்டத்துக்கு மறுநாள் பதில் சொல்ல வேண்டும். பினாங்குத் தீவுக்காரர்களுக்குப் பாலத்தைத் தாண்டுவது என்றால் வேறு நாட்டுக்குப் போவது மாதிரி. இவர் அசல் தீவுக்காரர். நான் அக்கரையில், பாகான் டாலாமில் பிறந்தவள். என் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூட, "அந்தப் பக்கமா? தூரம் லா. நீ போய்ட்டு வா" என்பார். மாற்றல் விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால், போனால் நான் திரும்பி வரமாட்டேன் என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

பயிற்சிக்கு என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் வழி சொன்னார். "எடுத்ததும் வேகம் வேணாம். பேசிக்கிட்டே ஓடணும். பேச்சு நின்னுச்சுன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். ஒடனே கொறச்சிரணும்." நல்ல வழிதான். ஆனால் பேச்சுக்கு நாங்கள் எங்கே போவது? முதல் நாள் கடலோரப் பாதையில் இருவரும் ஊமைகளாக ஓடி, மூச்சிரைக்க நின்றோம். வேகம் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

மறுநாள் இவர் ஒரு தந்திரம் செய்தார். கண்ணில் பட்ட மலாய்ப் பலகையையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே ஓடினார். "டிலாராங் மாசோக்." உள்ளே வரக்கூடாதாம். "ஜாலான் மாத்தி." முட்டுச்சந்தாம். ஒரு வீட்டு வாசலில், "ஆவாஸ், ஆஞ்ஜிங்." நாய் ஜாக்கிரதை. பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் அத்தனை சிரத்தையாகப் படித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கடிச்சா உங்களத்தான் கடிக்கும். நான் மெதுவாத்தான வரேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

இப்போது நினைத்தால் அந்த விடியல்களெல்லாம் தூக்கத்தில் நடந்தவை போலத்தான் இருக்கின்றன. இங்கே ஆறரை மணிக்கும் இருட்டுதான். கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பனிமூட்டத்தில் பாலத்தின் தூண்கள் மறைந்து, விளக்குகள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். வற்றிய கடலின் சேற்று வாசம், எங்கோ ஒரு படகின் முணுமுணுப்பு. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததுவரை கொஞ்சம் விரைவோம். பிறகு தணிவோம். தணியும்போதெல்லாம் அவர் பேசினார். பலகைகளை விட்டுவிட்டு, முந்தின இரவு கண்ட கனவைச் சொன்னார். மகள் இல்லாத அறைக்குள் போகப் பிடிக்கவில்லை என்றார். நானும் ஏதேதோ சொன்னேன். சொன்னேனா, நினைத்துக்கொண்டு மட்டும் ஓடினேனா என்றுகூடச் சில நாள் தெரியாது. எது என் காலடி, எது அவருடையது என்று பிரிக்க முடியாதபடி சத்தம் ஒன்றாகிவிடும். சந்தோஷமாக இருந்தது. கோபமும் வந்தது. இத்தனை நாள் பூட்டி வைத்திருந்த பேச்சையெல்லாம் நான் கிளம்பும் நேரத்திலா திறக்க வேண்டும்?

ஓட்டம் ஜோர்ஜ்டவுனில், கடற்கரைத் திடலில் தொடங்கியது. கொம்பு ஊதியதும் கூட்டம் பாய்ந்தது. இவரும் பாய்ந்தார். "ஏங்க, மெதுவா!" என்று கத்தினேன். திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பிறகுதான் வேகத்தைக் குறைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். கதவடைத்த பழைய கடைத்தெருக்கள் அரையிருட்டில் எங்களைக் கடந்து போயின. எங்கிருந்தோ சாம்பிராணிப் புகை வந்தது. பாதித் தூரம் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"எனக்குச் சிம்பாங் அம்பாட்டுல வேல குடுக்குறாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். நான் போறேங்க."

இவர் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்து நடையானது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒரு சீனப் பெண்மணிகூட எங்களை முந்திப் போனார். இவருக்கு மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் பேசவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"வாரக் கடைசிக்கு வருவியா?" என்றார், தன் காலணியைப் பார்த்தபடி.

"வருவேனான்னு தெரியல." பொய் சொல்ல மனமில்லை.

கடலோரம் திரும்பியபோது வெயில் வந்திருந்தது. தண்ணீருக்கு அப்பால் பாகான் டாலாம் பக்கத்துக் கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்தன. முடிவுக்கோட்டுப் பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. இவர் அக்கரையையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

"அங்க காலையில ஓடறதுக்கு நல்ல எடம் இருக்கா?"

"யாருக்கு?"

"நம்ம ரெண்டு பேருக்கும்தான். நான் அங்கேர்ந்து வேலைக்கு வந்து போய்க்கிறேன் லா."

சொல்லிவிட்டு அவர் ஓட ஆரம்பித்தார். நான்தான் நடுச்சாலையில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.