ரீச்சரின் உள்ளங்கை

என் மேசை லாச்சிக்குள் நீலநிறச் சவர்க்காரப் பெட்டி ஒன்று கிடக்கிறது. இரண்டு பக்கமும் சூட்டுக்கோலால் துளைபோட்டு வயர் இழுத்திருக்கிறேன். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு கப்பாசிற்றர், சில ரெசிஸ்டர்கள், ஒரு சின்ன பற்றரிக்கான இடம். நான் செய்த சாமான்களில் முதல்தரமே பிழையில்லாமல் வேலை செய்தது இது ஒன்றுதான். ஆனால் அது வேலை செய்யத் தொடங்கியபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

சண்டை ஓய்ந்து, வெளியூருக்கான தரைப்பாதை திறந்திருந்த காலம் அது. ஊர்காவற்றுறையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். ஒருநாள் காலை கரம்பொன்னிலிருந்து ரீச்சர் வந்தார். எனக்குப் படிப்பித்தவர் அல்ல; ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவருக்குக் காது கேளாது. இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்தபோது பக்கத்து வளவில் விழுந்து வெடித்த செல்லோடு போய்விட்டது. நாங்கள் சொல்ல வேண்டியதைக் கொப்பியில் எழுதிக் காட்ட வேண்டும். அவர் வாயால் பதில் சொல்வார், கொஞ்சம் உரத்து.

அவரின் ஒரே மகன் மிருதங்கம் பழகத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். தாய்க்குக் கேட்காதென்று அவரின் கையைப் பிடித்து மிருதங்கத்தின் உடலில் வைத்துவிட்டு வாசிப்பானாம். தொண்ணூற்றாறில் எங்கள் தீவுக்குத் திரும்பிய சில கிழமைகளில், யாழ்ப்பாணத்தில் தாங்கள் இருந்த வீட்டில் விட்டுவந்த சாமான்களை எடுத்துவரச் சைக்கிளில் போனான். திரும்பி வரவில்லை. மிருதங்கமும் அந்தச் சாமான்களோடுதான் இருந்தது. ரீச்சரிடம் மிஞ்சியது ஒரு கசெற். இடம்பெயர்ந்திருந்தபோது யேசு பிறந்த நாளான நத்தார் ஒன்றுக்குக் கோயில் பாடகர் குழு பாடியது, மிருதங்கம் அவன். அந்தக் கசெற்றை ரீச்சர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜேர்மனியிலிருந்து வந்த ரீச்சரின் தம்பியார் ஒரு சப்வூபர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். தனக்குள்ளேயே அம்பிளிபயர் உள்ள, அடித்தொனியை மட்டும் எழுப்பும் கறுத்தப் பெட்டி. வீட்டில் படம் ஓடும்போது ரீச்சர் தற்செயலாக அதன்மேல் கை வைத்திருக்கிறார். அடுத்த நாளே அந்தப் பெட்டியோடும் கைலேஞ்சியில் சுற்றிய கசெற்றோடும் என் கடைவாசலில் நின்றார்.

"அவன்ர இடக்கை எனக்குத் தெரியும், தம்பி. அதை மட்டும் இந்தப் பெட்டியில எழுப்பித் தாரும். வேற ஒண்டும் வேண்டாம்."

மிருதங்கத்தின் இடப்பக்கம்தான் கும்மென்று அதிர்வது. சப்வூபருக்கு ஏற்ற வேலை. இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். கசெற்றில் பதிவு மெலிந்திருந்ததால், கோயிலில் கழித்துவிட்ட வால்வு பிரிஅம்பிளிபயர் ஒன்றை இடையில் வைத்து, அதிலிருந்து சப்வூபருக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தேன்.

அங்கேதான் என் கெட்டித்தனம் வேலை செய்தது. கொடுக்கும் பக்கத்துக்கும் வாங்கும் பக்கத்துக்கும் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அவை காட்டும் தடை, சமனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வேதம். பற்றரியைக் கண்ணால் காணக் கிடைக்காத வருசங்களில், சைக்கிள் டைனமோவை மிதித்துப் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் சமனாக இல்லாவிட்டால் மிதித்த மிதியெல்லாம் வீணாகும். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. சப்வூபரின் உள்வாயில், தொனி உள்ளே போகும் இடத்தில், அந்தத் தடை பத்தாயிரம் ஓம். என்னுடைய பிரிஅம்பிளிபயரோ அதைப்போல ஐந்து மடங்கு. சமப்படுத்துகிறேன் என்று அதன் வெளிவாயில் குறுக்கே இன்னொரு பத்தாயிரம் ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். தொனி செத்துப்போனது. ஈடுசெய்ய சப்வூபரை முழுதாகத் திருகி, ரீச்சரைக் கூப்பிட்டேன்.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைத்தார். பாட்டு ஓடியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையை எடுத்தார்.

"இது உம்மட மெசின், தம்பி. பிள்ளை இல்லை."

வெளியே ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல்தான் வயர்வழியே வந்து பெட்டிக்குள் இடைவிடாமல் நடுங்கியிருக்கிறது. காதுள்ள எனக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கசெற்றை வைத்துவிட்டுப் போங்கள், சரிக்கட்டித் தருகிறேன் என்று கொப்பியில் எழுதினேன். ரீச்சர் யோசித்தார். பிறகு அதைக் கைலேஞ்சியோடு அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பத்துப் பதினைந்து நாள் அதே பாட்டோடு மல்லுக்கட்டினேன். மிருதங்கம் தொடங்கும் இடத்துக்குச் சுற்றுவதும் போடுவதும் திரும்பச் சுற்றுவதுமாக, எத்தனை தரமென்று தெரியாது. ஒரு மத்தியானம் ரெசிஸ்டரின் ஒரு கால் தானாகக் கழன்றது. பெட்டி முன்னைவிட நன்றாக அதிர்ந்தது. அப்போதுதான் மண்டையில் ஏறியது. இங்கே சக்தியைக் கொடுத்துவாங்கும் வேலையே இல்லை. சப்வூபருக்குத் தன் சக்தி தன்னிடம் இருக்கிறது. அது கேட்பது தொனியின் வடிவத்தை மட்டும்தான். வாங்குபவர் எதையும் இழுக்காமல், பத்து மடங்கு தடையோடு சும்மா தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பத்தாயிரம் மட்டுமே உள்ள இந்தப் பெட்டி இழுத்த இழுப்பில் அடித்தொனிதான் முதலில் கரைந்திருக்கிறது. நான் வேறு இன்னொரு பத்தாயிரத்தைக் குறுக்கே போட்டு, மிச்சத்தையும் குடித்துவிட்டேன்.

அன்றே இந்தச் சவர்க்காரப் பெட்டியைச் செய்தேன். பிரிஅம்பிளிபயரிடமிருந்து இழுக்காமல் வாங்கி, சப்வூபருக்குத் தாராளமாகக் கொடுக்கும். எல்லாம் பொருத்திக் கசெற்றைப் போட்டேன். இரண்டு அடி கேட்டது. கும், கும் என்று மேசையே அதிர்ந்தது. அடுத்ததாக ஒரு கரகரப்பு. என் பழைய பிளேயரின் உருளை, தேய்ந்துபோயிருந்த நாடாவை உள்ளே சுற்றி இழுத்துவிட்டது. மெதுவாகத்தான் எடுத்தேன். அப்படியும் அறுந்தது. மிருதங்கம் இருந்த துண்டு என் விரல்களில் சுருண்டு கசங்கிக் கிடந்தது.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் துணிவில்லை. கடையில் வேறொரு கசெற் இருந்தது. எந்தக் கோயில் திருவிழாவிலோ யாரோ ஒரு பெடியன் வாசித்த மிருதங்கம். ரீச்சர் வந்ததும் அதைப் போட்டேன். பெட்டி அருமையாக அதிர்ந்தது. ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் ஏதோ இளகியது. தப்பிவிட்டேன் என்று நினைத்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இது வேற பிள்ளை," என்றார், கண்ணைத் திறக்காமலே. "நல்லா வாசிக்கிறான். என்ர பிள்ளை இடக்கையைக் கொஞ்சம் பிந்தித்தான் போடுவான்."

லாச்சியைத் திறந்து, அறுந்த நாடாவைக் கைலேஞ்சியோடு அவர் மடியில் வைத்தேன். ரீச்சர் நாடாவைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். மற்றக் கையைப் பெட்டியிலிருந்து அவர் எடுக்கவில்லை.

"இந்தப் பிள்ளை உயிரோட இருக்கிறானோ?"

எனக்குத் தெரியாது. ஓமென்று தலையாட்டினேன்.

"எண்டால் முடியுமட்டும் ஓடட்டும்."

ரீச்சர் இரண்டாயிரத்து எட்டில் செத்துப்போனார். அதற்குள் பாதை திரும்பப் பூட்டப்பட்டிருந்தது. ஜேர்மனித் தம்பியாரால் வர ஏலவில்லை. இப்போது கடையில் நாள் முழுக்கக் கரண்ட் இருக்கிறது, கசெற் கொண்டுவர ஆளில்லை. சவர்க்காரப் பெட்டியை எப்போதாவது எடுத்துப் பற்றரி போட்டுப் பார்ப்பேன். குறையொன்றும் இல்லாமல் வேலை செய்கிறது. அந்தத் திருவிழாக் கசெற்றும் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் வாசிப்பது யார், இருக்கிறானா என்று கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. நாலு பேரைக் கேட்டால் போதும். நான் இன்னும் கேட்கவில்லை.