மோட்டார் ரூம் சாவி இப்போது என் சட்டைப் பையில்

ஏழுமலை அண்ணன் செத்துப்போய்விட்டார். இன்று காலை, எங்கள் பஞ்சாயத்து மோட்டார் ரூமில், கரண்ட் அடித்து.

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பெயரையோ தலைவர் பெயரையோ கமென்டில் யாரும் எழுத வேண்டாம், ப்ளீஸ். நான் இங்கேதான் இருந்தாக வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து டேங்குக்குத் தண்ணீர் ஏற்றியது அண்ணன்தான். ஆனால் டேங்க் ஆபரேட்டர் அவர் இல்லை...

டேங்க் ஆபரேட்டர், தலைவருடைய மச்சான் மகன். வாலாஜாபாத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கொடியேற்றும் நாளில் வருவான், மிட்டாய் வாங்கிக்கொண்டு போவான்.

அந்த வேலைக்கு இன்டர்வியூ எல்லாம் நடந்தது. ஐடிஐ எலக்ட்ரீஷியன் சர்டிஃபிகேட்டை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அண்ணனும் வந்திருந்தார், தன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த சட்டையில்.

என்னிடம் ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்யும் என்று கேட்டார்கள். மச்சான் மகனிடம் அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா என்று கேட்டார்கள். அண்ணனிடம் எதுவுமே கேட்கவில்லை. எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்கள்.

வாங்கி வந்து கொடுத்தார். வெளியே வந்ததும் என் தோளில் தட்டினார். "சக்கரை கம்மியா போட்டுட்டான்டா, ஐடிஐ. அதுலதான் வேலை பூட்ச்சி."

பதவியில் இருந்தவன் கணக்குக் காட்டவில்லை என்றால் அவன் சொந்தக்காரனும் பதவிக்கு வரக்கூடாது... சோழர் காலத்திலேயே உத்திரமேரூர் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க பஸ் பிடித்து வருகிறார்கள். எங்கள் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து பைக்கில் கொஞ்ச தூரம்தான்.

வேலை கிடைக்காமல் போன மறுநாளும் மோட்டார் போட்டது அண்ணன்தான். அடுத்த தடவை உன் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொல்லியிருந்தார். அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

கரண்டுக்குப் பயப்படாத மனுஷன், தவளைக்கு அப்படிப் பயப்படுவார். மழைக்காலத்தில் மோட்டார் ரூம் முழுக்கத் தவளை. என்னை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்று, "பூட்ச்சா? எல்லாம் பூட்ச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசித் தவளையும் போன பிறகுதான் காலை வைப்பார்.

ஸ்டார்ட்டரில் பச்சை பட்டன் உடைந்து ரொம்ப நாளாகிறது. மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு வேப்பங்குச்சியால் உள்ளே அழுத்தி மோட்டாரை ஓட்டுவார். குச்சி ஈரமானால் ஆள் காலி என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்.

அதை மாற்ற, ஆபரேட்டர் எழுதித் தர வேண்டுமாம். அண்ணன் சொன்னால் செல்லாது, அவர் ஸ்டாஃப் இல்லை. வாலாஜாபாத்துக்குப் போன் போட்டார், நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது.

"ஓடிக்கினுதானே கீது? அப்புறம் இன்னா?"

நேற்று ராத்திரி நல்ல மழை. ரூம் கூரை ஒழுகும்.

போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஜி.ஹெச் வாசலில் தலைவர் மாலையோடு வந்தார். அண்ணியிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என்னை டீக்கடை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். கை என் தோளிலேயே இருந்தது.

"அவன் ஸ்டாஃபே இல்லியே நைனா. ரூமுக்குள்ள இன்னாத்துக்குப் போனான்? உனுக்கு எதுனா தெரியுமா?"

எனக்கு எல்லாம் தெரியும். அவருக்கும் அது தெரியும்.

சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். "காலையில நீ மோட்டாரப் போட்டுடு. கரண்ட்டு படிச்ச புள்ள, உனுக்கு இன்னா பயம்? பேரை அப்புறம் சேத்துக்கலாம்."

புது ஸ்டார்ட்டர் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். ஆபரேட்டர் எழுதித் தரட்டும், பார்க்கலாம் என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் மோட்டார் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் அப்படியே இருக்கிறது, மூடி இல்லாமல். தரையில் ஈரம். அந்தக் குச்சியை யாரோ எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆளுக்கு.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். கொடுத்துவிட்டு இந்த ஊரில் எப்படி இருப்பாய் என்று கேட்டாள். முதலில் போனில் எழுதுவதை நிறுத்து என்றாள்.

டேங்க் காலி. குழாயடியில் இப்போதே குடம் வைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அண்ணி வந்தார். காலையில் அண்ணனைக் கொண்டுவருகிறார்கள். வாசலிலேயே நின்று, என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி... அவர குளிப்பாட்டணும். தண்ணி வுடுவியா?"

விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருக்கிறது. துடைத்துத் துடைத்து இதை டைப் பண்ணுகிறேன்.

காலையில் முதலில் தவளைகளைத் துரத்திவிடுகிறேன் அண்ணா. வெளியே நின்று 'பூட்ச்சா'ன்னு கேட்கத்தான் ஆள் இல்லை.

போயிட்டு வாங்க.