கைப்பிடி அரிசி

ஊர்விட்டுப் பிழைக்க வந்த நகரத்தில், அல்வால் வீட்டில், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த அலுப்பில், இரண்டு வேறு ரக மூட்டைகளின் அடியில் கிடந்த அரிசியை ஒன்றாகவே குக்கரில் போட்டுவிட்டேன். "நக்கோ மம்மி, வேணாம், பாதி வேகவே இல்ல" என்று மகள் தட்டைத் தள்ளினாள்.

அப்பா சபையைக் கவனிக்கும் உபதேசியாராக இருந்த நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமத்தில், பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி ஒதுக்கி, ஞாயிறன்று காணிக்கைப் பாட்டுக்கு நடுவே கோயிலின் ஓலைப்பெட்டியில் சரசரவெனக் கொட்டும் பச்சரிசியும் புழுங்கலும் ரேஷனும் கலந்த அரிசிதான் வாரம் முழுக்க எங்களுக்குச் சோறு. பாதி குழைந்திருக்கும், பாதி அரைவேக்காடு. "ஊரே ஒரு பானைக்குள்ள கெடக்கு, எல்லாம் ஒண்ணாவா வேகும்?" என்பாள் அம்மா, அடுப்பூதிக் களைத்து. எந்தப் பருக்கை எந்த வீட்டுடையது என்றும் சொல்வாள்.

அந்த வீடுகளெல்லாம் இப்போது பூட்டிக் கிடக்கின்றன, கோயிலும்தான். என் தட்டில் வேகாமல் கிடக்கும் பருக்கைகள் யார் வீட்டுடையவையும் அல்ல.